பதிலடி இருக்கட்டும், பட்டினப்பாக்கத்துக்கு என்ன வழி?

நீளமான பதிவு இது. பொறுமை உள்ளவர்கள் முழுவதும் படியுங்கள். படிக்காமல் லைக் போடுவது எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்கே தெரியும்.

2025 மே மாதம் 7-ம் தேதி மாலை 4 மணிக்குச் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் பாதுகாப்பு ஒத்திகை நடந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். ‘ஆபரேஷன் அப்யாஸ்’ என்று பெயர். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. 1971-க்குப் பிறகு நாடு முழுக்க இப்படி ஓர் ஒத்திகை நடந்தது இப்போதுதான் என்றார்கள். அன்று விடியற்காலையில்தான் ‘ஆபரேஷன் சிந்தூர்’ நடந்திருந்தது. 10-ம் தேதி சண்டை நின்றது. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

கல்பாக்கம் பெயர் டிவியில் வந்ததும் பேச்சு அணுகுண்டுப் பக்கம் திரும்பியது. தீவிரவாதி கையில் அணுகுண்டு கிடைத்தால் என்ன செய்வது என்று ஒரு சித்தப்பா கேட்டார். நல்ல கேள்வி. வந்த பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. “இங்க ஒண்ணு விழுந்தா அங்க நூறு விழணும். மேட்டர் ஓவர்.” எழுதியது என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை. இப்போது நல்ல வேலையில் இருக்கிறான், எங்கள் குடும்பத்திலேயே மாப்பிள்ளை ஆகிவிட்டான். வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். அவன் அம்மாவும் கைதட்டியிருந்தார். அவர் இருப்பது இங்கே பட்டினப்பாக்கத்தில், ஹவுசிங் போர்டு குடியிருப்பில், எனக்கு இரண்டு தெரு தள்ளி.

தம்பி, அந்த நூறு குண்டை நீ போடு. அன்றைக்குச் சாயங்காலம் உன் அம்மா என்ன செய்யவேண்டும்? வெளியே ஓடவேண்டுமா, உள்ளேயே இருக்கவேண்டுமா? குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரைக் குடிக்கலாமா? உன் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் அழைத்து வருவது? இதைப் பற்றி நூற்றுச் சொச்சம் மெசேஜில் ஒரு வரி கூட இல்லை. ஒரு நாட்டின் மேல் அணு ஆயுதத் தீவிரவாதம் பாய்ந்தால் அந்த நாடு தரவேண்டிய முதல் பதில் உன் அம்மாவுக்குத்தான். எதிரிக்குத் தரும் பதில் அப்புறம்தான். அந்த முதல் பதில் நம்மிடம் தயாராக இல்லை. அது இல்லாததை மறைக்கத்தான் இத்தனை வீராவேசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நூறு குண்டு விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவின் அணு ஆயுதக் கொள்கை 2003 ஜனவரி 4-ம் தேதி அரசு வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. நாம் முதலில் பயன்படுத்தமாட்டோம். நம் மீது பயன்படுத்தினால் பதிலடி மிகப்பெரியதாக, எதிரியால் தாங்க முடியாததாக இருக்கும். அதற்கு உத்தரவிடும் அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த அரசியல் தலைமைக்கு மட்டுமே, பிரதமர் தலைமையிலான குழுவின் வழியாக. இது ஒரு நாடு இன்னொரு நாட்டைத் தாக்குவதை மனதில் வைத்து எழுதியது. ஏவுகணை கிளம்பினால் எங்கிருந்து கிளம்பியது என்று ரேடாரில் தெரியும். தீவிரவாதி லாரியில் கொண்டுவந்தால்? கப்பல் கன்டெய்னரில் வந்தால்? அந்தப் பொருளில் யாருடைய முகவரியும் ஒட்டியிருக்காது.

விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பீர்கள். ஓரளவு முடியும். வெடித்த பின் கிடைக்கும் தூசியை ஆராய்ந்தால் எந்த வகை உலையில் உருவான பொருள் என்று ஊகிக்கலாம். ஆனால் அதற்கு நாள் ஆகும். பொருள் எங்கே உருவானது என்பது வேறு, யார் கொடுத்தார்கள் என்பது வேறு, திருட்டுப் போனதா என்பது இன்னும் வேறு. சர்வதேச அணுசக்தி முகமையின் பதிவேட்டில் 1993 முதல் 4,000-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் இருக்கின்றன: கதிரியக்கப் பொருள் காணாமல் போனது, திருடுபோனது, கள்ளத்தனமாகக் கைமாறியது என்று.

லண்டனில் 2006 நவம்பரில் நடந்தது பலருக்கு நினைவிருக்காது. ரஷ்ய உளவுத்துறையில் இருந்து விலகி அங்கே வாழ்ந்த லிட்வினென்கோ என்பவருக்கு ஓட்டல் தேநீரில் பொலோனியம் 210 என்ற கதிரியக்கப் பொருளைக் கலந்து கொடுத்தார்கள். 23-ம் தேதி இறந்தார். விஷம் என்னவென்று கண்டுபிடித்ததே சாவதற்குச் சற்று முன்னால்தான். சந்தேக நபர்கள் சில மாதங்களில் தெரிந்துவிட்டார்கள். அதன் பின்னால் ரஷ்ய அரசு இருந்திருக்கக்கூடும் என்று விசாரணை அறிக்கை எப்போது சொன்னது தெரியுமா? 2016 ஜனவரியில். ஒரு மனிதர், ஒரு கோப்பைத் தேநீர், உலகத்தரமான போலீஸ். அதற்கே ஒன்பது வருடத்துக்கு மேல்.

அந்த இடைவெளியில் பிரிட்டன் மக்களிடம் நடந்துகொண்டதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். எந்த ஓட்டல், எந்த உணவகம், எந்தெந்த நாள் என்று பெயரோடு அறிவித்தார்கள். அங்கே போயிருந்தவர்கள் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள் என்றார்கள். ஆயிரக்கணக்கில் போன் வந்தது. தேவைப்பட்டவர்களுக்குப் பரிசோதனை செய்தார்கள். நகரம் காலியாகவில்லை.

மாறாக, 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்கா என்ன செய்தது? அடிபட்ட கோபத்தில் ஒரு வல்லரசு, பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி 2003-ல் ஈராக்குக்குள் நுழைந்தது. அந்த ஆயுதக் குவியல் கிடைக்கவே இல்லை. செப்டம்பர் 11-ம் ஈராக் செய்ததில்லை. எத்தனை லட்சம் குடும்பம் அழிந்தது! அது சாதாரணக் குண்டுகளால் நடந்த தவறு. அதே தவறை அணுகுண்டால் செய்தால், பிறகு வருத்தம் தெரிவிக்க யார் மிச்சம் இருப்பார்கள்? நம்மிடம் இருப்பது போல் பக்கத்து நாட்டிடமும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு, சினிமா கிளைமாக்ஸ் மாதிரி பேசுகிறார்கள்.

“அப்படியானால் பயந்துகொண்டு சும்மா இருப்பதா? ராணுவ விஷயம் டீச்சருக்கு என்ன தெரியும்?” என்று ஒரு மருமகன் தனியாக அனுப்பியிருந்தார். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள்தான், மருமகனே. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுத்தவள். சும்மா இருக்கச் சொல்லவில்லை. பதிலடி பயம் எதிரி நாட்டைத் தடுத்து வைக்கும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அணு ஆயுத மிரட்டலுக்குப் பணியமாட்டோம் என்று 12-ம் தேதி பிரதமர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சாகத் துணிந்து வருகிறவனை அந்தப் பயம் தடுக்காது. அவனுக்கு வேண்டியதே நாம் நிதானம் இழந்து பக்கத்து நாட்டின் மேல் பாய்வதுதான். அவன் எழுதிய நாடகத்தில் நாம் ஏன் வேஷம் கட்டவேண்டும்?

இன்னொரு விஷயம். குழுவில் எல்லோரும் ஹிரோஷிமா படத்தைப் போடுகிறீர்கள். முழு அணுகுண்டு செய்வது தீவிரவாதக் கூட்டத்துக்கு மிகமிகக் கடினம். அவர்களால் சுலபமாக முடியக்கூடியது வேறு: மருத்துவமனையிலோ தொழிற்சாலையிலோ இருக்கும் கதிரியக்கப் பொருளைச் சாதாரண வெடிமருந்தோடு சேர்த்து வெடித்துத் தூவுவது. ‘டர்ட்டி பாம்’ என்பது அதுதான். 1995-ல் செச்சென் போராளிகள் மாஸ்கோவில் ஒரு பூங்காவில் சீசியம் 137 புதைத்து வைத்துவிட்டு டிவிக்காரர்களுக்குத் தகவல் சொன்னார்கள். வெடிக்கவில்லை. இப்படிப்பட்ட குண்டில் வெடிப்பினால் சாகிறவர்கள்தான் பெரும்பாலும் அதிகம் இருப்பார்கள். கதிரியக்கத்தால் உடனே சாகிறவர்கள் மிகக் குறைவு. அதன் உண்மையான ஆயுதம் பீதி.

பீதி என்ன செய்யும் என்பதற்கு பிரேசிலில் கோயானியா என்ற ஊர் இருக்கிறது. 1987-ல் கைவிடப்பட்ட ஒரு மருத்துவமனையிலிருந்து பழைய இரும்பு பொறுக்கியவர்கள் ஒரு கருவியை எடுத்துப்போய் உடைத்தார்கள். உள்ளே நீலமாக ஒளிரும் தூள். அதிசயம் என்று உறவினர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஒருத்தி ஆறு வயதுக் குழந்தை. 249 பேர் மேல் கதிரியக்கத் துகள் இருந்தது. ஆனால் பரிசோதனைக்காக விளையாட்டு மைதானத்தில் வரிசையில் நின்றவர்கள் 1,12,000 பேர்! அந்தக் குழந்தையைப் புதைக்கவிடாமல் ஊர்க்காரர்கள் இடுகாட்டில் கல்லெறிந்தார்கள். அந்த மாநிலத்துக் காய்கறியை வெளியூரில் வாங்கவில்லை. இது தீவிரவாதமே இல்லை, வெறும் அஜாக்கிரதை.

நம் நாட்டிலும் நடந்தது. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புக் கடையில். டெல்லி பல்கலைக்கழகத்தில் பல வருடம் சும்மா கிடந்த கோபால்ட் 60 கருவியை ஏலத்தில் விட்டுவிட்டார்கள். கடையில் பிரித்தவர்களில் ஒருவர் இறந்தார், பலர் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில். கெட்ட எண்ணமே இல்லாதவர்கள் கைக்கே இது இவ்வளவு சுலபமாகப் போகிறது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ஆபத்து என்று கேட்டால் மெட்ராஸ் என்ன செய்யும்? பழைய கதையைப் பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து அரை மணி நேரம் குண்டு போட்டது, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. செத்தவர்கள் சில பேர். ஊரைவிட்டு ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில். சாமர்த்தியக்காரனை “அவன் எம்டன்” என்று இன்றைக்கும் சொல்கிறோம். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும், வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போங்கள் என்று அரசாங்கமே சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. மிருகக்காட்சிச் சாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஏப்ரலில் சென்னை மேல் குண்டு விழவே இல்லை.

அதெல்லாம் தாத்தா காலம் என்றால், 2004 டிசம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். சுனாமி வந்து நான்காம் நாள். சீனிவாசபுரத்தில் இன்னும் சாமான்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மறுபடி அலை வரலாம் என்று டெல்லியில் உள்துறை அமைச்சகம் எச்சரிக்கை விட்டது. வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்று கணித்ததாம். கடற்கரை முழுக்க மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடினார்கள். நிவாரண வேலை நின்றது. அதே நாளில் அறிவியல் துறை அமைச்சர் கபில் சிபல் இதெல்லாம் ஆதாரமற்றது என்று மறுத்தார். ஒரே அரசாங்கம், இரண்டு வாய். பிணத்தைத் தின்ற மீன் என்று வதந்தி பரவி ஊரில் மீன் வாங்க ஆள் இல்லாமல் போனது. கடலில் பறிகொடுத்தவர்களுக்குக் கரையில் பிழைப்பும் போயிற்று.

அன்றைக்குக் கையில் வாட்ஸ்அப் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. கல்பாக்கத்தில் ஏதோ வெடித்தது என்று ஒரு பொய் வீடியோ போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஓ.எம்.ஆரும் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். ஆம்புலன்ஸ் போகாது. எந்தக் கதிரியக்கமும் இல்லாமலே சாவு நடக்கும்.

பொய்யை அடக்க அரசாங்கத்தின் வார்த்தைக்கு மதிப்பு வேண்டும். அந்த மதிப்பை அமைதிக் காலத்தில்தான் சேர்க்க முடியும். நம் அணுசக்தித் துறை சேர்த்த லட்சணத்துக்கு ஓர் உதாரணம்: 2019 அக்டோபரில் கூடங்குளத்தில் சைபர் ஊடுருவல் என்று செய்தி வந்தது. 29-ம் தேதி அணுமின் நிலையம் அதைப் பொய்த் தகவல் என்று மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒரு கணினியில் மால்வேர் இருந்தது உண்மைதான் என்றது. நிர்வாக வேலைக்கான கணினியாம், அணு உலைக் கட்டுப்பாட்டோடு தொடர்பு இல்லையாம். நம்புகிறேன். ஆனால் அவர்களுக்குச் செப்டம்பர் 4-ம் தேதியே தகவல் வந்துவிட்டது என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. பிறகு ஏன் முதலில் மறுத்தீர்கள்? நாளைக்கு நிஜமாகவே ஆபத்து வந்து “பயப்படாதீர்கள், வீட்டுக்குள் இருங்கள்” என்று இதே ஆட்கள் சொன்னால் யார் கேட்பார்கள்? இடிந்தகரைக்காரர்கள் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி கேட்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டோம். கேள்வி கேட்டவர்களை எதிரியாக்கிவிட்டு, ஆபத்து நாளில் ஒத்துழைப்பு எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

உள்ளேயிருந்து வரும் ஆபத்தும் உண்டு. 2014 அக்டோபர் 8-ம் தேதி கல்பாக்கத்தில் காவல் காக்கும் மத்தியப் படையைச் சேர்ந்த ஒரு தலைமைக் காவலரே தன் சகாக்கள் மூவரைச் சுட்டுக் கொன்றார். தீவிரவாதம் இல்லை, ஆனால் துப்பாக்கி வேலிக்கு உள்ளே இருந்தது. எல்லைக்கு அப்பால் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சரி, செய்யவேண்டியது என்ன? சுருக்கமாகப் பாடம் நடத்திவிடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கதிரியக்கத் தூசி என்றால் முதல் வேலை கான்கிரீட் கட்டடத்துக்குள் போவது. ஓடுவது அல்ல. கதவு ஜன்னலைச் சாத்தி, வெளிச்சுவரிலிருந்தும் மொட்டை மாடியிலிருந்தும் தள்ளி, நடு அறையில் இருக்கவேண்டும். வெளியே இருந்து வந்தவர்கள் மேல் துணியைக் கழற்றிப் பையில் கட்டி ஒதுக்கி வைத்து, சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும். ஒட்டிய தூசியில் பெரும்பகுதி அந்தத் துணியோடு போய்விடும். மூடி வைத்த தண்ணீரும் டப்பாவில் இருக்கும் உணவும் பயன்படும். நிஜமான அணுகுண்டு என்றால் ஒரு கணக்கு இருக்கிறது: நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சு பத்தில் ஒரு பங்காகக் குறையும். வெடித்து 1 மணியில் 1,000 என்றால் 7 மணியில் 100, 49 மணியில் 10. அதனால்தான் முதல் ஒரு நாள் உள்ளே இருப்பது உயிரைக் காக்கும். சீசியம் டர்ட்டி பாமுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சீசியம் பாதியாகக் குறையவே 30 வருடம். ஆனால் அங்கே அளவு குறைவு, தூசி படிந்த பின் அதிகாரிகள் சொல்லும் வழியில் வெளியேறலாம். அயோடின் மாத்திரையை வாங்கிக் குவிக்காதீர்கள். அது கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டை மட்டும் காக்கும். சீசியத்துக்கு அது உதவாது. அயோடின் உப்பை அள்ளித் தின்பவர்களுக்கு வேறு வியாதி வரும்.

இதெல்லாம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலைப் போன்றவற்றில் விரிவாக இருக்கிறது. அரக்கோணத்தில் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படை இருக்கிறது. ஆக, டெல்லிக்குத் தெரியும், அரக்கோணத்துக்குத் தெரியும். லூப் ரோட்டில் மீன் விற்கும் அக்காவுக்குத் தெரியாது. அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்குத்தான் அவசரத் திட்டம். நாம் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி. நிலையத்து விபத்துக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். தீவிரவாதி கல்பாக்கத்துக்குத்தான் போவான் என்று யார் சொன்னது? அவனுக்கு ரங்கநாதன் தெருக் கூட்டம் போதாதா?

கான்கிரீட் கட்டடத்துக்குள் போ என்று சொல்கிறேன். சீனிவாசபுரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே இருப்பவர் எங்கே போவார்? ஹவுசிங் போர்டு கட்டடம் கான்கிரீட்தான். 2024 டிசம்பரில் இங்கே ஜன்னலுக்கு மேலே இருந்த சன்ஷேட் இடிந்து விழுந்து ஓர் இளைஞர் இறந்தார். சும்மா இருக்கும் நாளிலேயே உதிர்கிற கட்டடத்தை நம்பி எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள்? தேசப் பாதுகாப்பு என்றதும் உங்களுக்கு ஏவுகணை ஞாபகம் வருகிறது. எனக்கு அந்த சன்ஷேட் ஞாபகம் வருகிறது.

அதனால் மேயருக்கும் கலெக்டருக்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஆபத்து நாளில் சீனிவாசபுரத்துக்காரர்கள் எந்தக் கட்டடத்துக்குப் போகவேண்டும், அதன் பெயரைச் சொல்லுங்கள். அந்தக் கட்டடத்தின் உறுதியைச் சோதித்த அறிக்கையைக் காட்டுங்கள். சைரன் எங்கே இருக்கிறது, யார் ஊதுவார்கள்? அறிவிப்பு சொல்லும் அதிகாரி ஒருவர் யார், அவர் தமிழில் பேசுவாரா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எத்தனை மணி நேரம் உள்ளே வைத்துக்கொள்வீர்கள், அதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பீர்களா? அடுத்த ஒத்திகையைத் துறைமுகத்து வேலிக்குள் நடத்தாமல் எங்கள் தெருவில் நடத்துங்கள்.

நூறு குண்டு போட்ட தம்பி, நீதான் முதல் கையெழுத்து. உன் அம்மா இரண்டாவது, அவரிடம் சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு என் வீட்டு வாசலில் மேசை போட்டிருப்பேன். வெளியூரில் இருப்பவர்கள் இதே கேள்விகளை உங்கள் ஊர் கலெக்டருக்கு எழுதி அனுப்புங்கள். எழுத்துப்பிழை இருந்தால் முதலில் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.